மேலிடத்துக்கு வந்த சிறுநீரகம்

என் மனைவிக்கு யார்டில் மேலிடம் என்று பெயர். கன்டெய்னர் பெட்டிகளை மலைபோல அடுக்கி வைத்திருக்கும் அந்த யார்டில், உயரமான கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பெட்டியைத் தூக்குவதும் இறக்குவதும் அவள் வேலை. கீழே நிற்பவர்களுக்கு எதில் சந்தேகம் வந்தாலும் வாக்கி-டாக்கியை வாயருகே வைத்து, "மேலிடம் என்ன சொல்லுது?" என்று கேட்பார்கள். கேலியாக ஆரம்பித்தது. பிறகு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. வீட்டில் கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

அந்த யார்டில் கிரேன் ஏறிய முதல் பெண் அவள்தான். அதற்கு முன் வாசலில் லாரிகளின் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கிரேன் பழக்கிக் கொடுங்கள் என்று போய் நின்றபோது மேற்பார்வையாளர் சிரித்தாராம்.

"மேல இருந்து விழுந்தா யாரும்மா பதில் சொல்றது?"

"விழுந்தவ எப்படி சார் பதில் சொல்லுவா? நீங்கதான் சொல்லணும்."

அவர் பதில் சொல்ல வேண்டி வரவேயில்லை. கூண்டில் அவள் கை நிதானமானது. பெட்டி தரையைத் தொடும்போது சத்தமே வராது என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். வீட்டில் பாத்திரத்தை வைக்கும்போது மட்டும் அந்த நிதானம் எங்கே போகும் என்று தெரியாது.

காலில் வீக்கம் வந்தபோது நின்று நின்று வந்ததாக்கும் என்று நினைத்தோம். ஆனால் அவள் வேலையே உட்கார்ந்து செய்வது. சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனது. முகம் காலையில் உப்பிக் கிடந்தது. மருத்துவமனைக்குப் போனால், முதுகில் ஊசி குத்திச் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். பயாப்சி. எடுத்த இடத்தில் ரத்தம் கசிந்து, சிவப்புச் சிவப்பாகப் போய், எழுந்திருக்கக்கூட விடாமல் படுக்க வைத்தார்கள். கிரேன் உச்சிக்கு அஞ்சாதவள், அதன் பிறகு அந்த ஊசியின் பெயரைக் கேட்டாலே என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுநீரகத்தின் வடிகட்டிகளைக் கெடுத்துவிட்டது என்று டாக்டர் விளக்கினார். என் அக்கா அதை நம்பவில்லை. "எல்லாம் அந்தக் கூண்டுல தண்ணி குடிக்காம தவம் கிடந்ததால வந்தது" என்பதே அவளுடைய தீர்ப்பு. கூண்டில் கழிப்பறை கிடையாது, இறங்கி ஏறினால் வேலை நிற்கும், அதனால் அவள் தண்ணீரைக் குறைத்திருந்தது உண்மை. அது நல்லதல்ல, ஆனால் இந்த நோய் அதனால் வந்ததல்ல என்று டாக்டர் எத்தனை முறை சொன்னாலும் அக்கா தலையை மட்டும் ஆட்டுவாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சலவைக்கடை வைத்திருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று தனியாக நிமிர்ந்து நின்றவள். எங்களுக்குக் கல்யாணமான முதல் வாரமே அவளுக்கும் என் மனைவிக்கும் முட்டிக்கொண்டது. அக்கா தேய்த்துக் கொடுத்த படுக்கை விரிப்பில் மடிப்பு கோணலாக இருக்கிறது என்று இவள் சொல்லிவிட்டாள். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்ற கதை. அன்றிலிருந்து ஒருத்தி கிழக்கு என்றால் மற்றவள் மேற்கு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி, நடுவில் நான்.

இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு போக, யாராவது கொடுத்தால் மாற்றலாம் என்ற பேச்சு வந்தது. நான் முன்னால் போய் நின்றேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அக்கா கடையைப் பூட்டிவிட்டு, எங்களுக்குச் சொல்லாமலேயே மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்தாள். பொருந்தியது.

"அவளுக்காக இல்ல" என்று என்னிடம் சொன்னாள். "அவ போயிட்டா உனக்கு நான் ஆக்கிப் போடணும். என்னால ஆகாது."

என் மனைவி அவளை நேராகப் பார்த்துக் கேட்டாள். "அண்ணி, நீங்க குடுத்துட்டா காலம் பூரா நான் உங்களுக்கு அடங்கி நடக்கணுமா?"

"நீயாவது அடங்கறதாவது. அது நடக்காதுன்னு தெரிஞ்சுதான் குடுக்கறேன்."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அக்காவின் சிறுநீரகம் மேலிடத்தின் வயிற்றில் இடம் பிடித்து, ஆபரேஷன் மேசையிலேயே சிறுநீரைப் பிரிக்க ஆரம்பித்ததாம். "என்னை மாதிரியே சுறுசுறுப்பு" என்று அக்கா பக்கத்து வார்டிலிருந்து சொல்லி அனுப்பினாள்.

உடம்பு தேறியதும் இவள் யார்டுக்குப் போனாள். கம்பெனி அவளை வாசல் மேசைக்கே திருப்பி அனுப்பப் பார்த்தது. மாற்றுச் சிறுநீரகத்தோடு ஏணி ஏறுவதா? டாக்டரிடம் கேட்டோம். வயிற்றில் அடிபடக் கூடாது, மாத்திரை நேரம் தவறக் கூடாது, தண்ணீர் குடிக்க வேண்டும், மற்றபடி ஏறலாம் என்றார். அதைக் கொண்டுபோய்ச் சொன்னாள். மேலாளர் பெருமூச்சு விட்டார்.

"பேப்பர்ல சரிம்மா. ஏற முடியுமான்னு யாரு பாத்தது?"

"நீங்க பாருங்க சார். இப்பவே."

அவள் ஏறும்போது நான் கீழே நின்றேன். யார்டே நின்றது. லாரிக்காரர்கள் வண்டியை அணைத்துவிட்டுக் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார்கள். கூண்டை அடைந்து, ஒரு பெட்டியைப் பிடித்து, தூக்கி, லாரியின் முதுகில் சத்தமில்லாமல் வைத்தாள். ஹாரன்கள் அலறின. மேலாளர் வாக்கியில், "சரிம்மா, பாத்தாச்சு, இறங்கி வா" என்றார்.

"ஷிஃப்ட் முடியாம இறங்க மாட்டேன் சார். அடுத்த வண்டியை வரச் சொல்லுங்க. நடுவுல நான் பாத்ரூம் போக மாத்து ஆள் வேணும். எனக்கு மட்டும் இல்ல, எல்லாக் கூண்டுக்கும்."

மேலிடம் சொன்னது நடந்தது. உடனே அல்ல, முணுமுணுப்போடு, ஆனால் நடந்தது. அக்கா மட்டும், "என் கிட்னியை அந்தரத்துல வெச்சு ஆட்டறா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகும் இடத்தில்தான் ஆராய்ச்சி டாக்டரைப் பார்த்தோம். ஒல்லியான மனிதர். எப்போதும் கையில் ஐஸ் பெட்டி. எங்களிடம் வந்து, கொஞ்சம் சிறுநீர் கொடுக்க முடியுமா என்று ஏதோ கடன் கேட்பவர் போலக் கூச்சத்தோடு கேட்டார்.

"ஏற்கெனவே டெஸ்டுக்குக் குடுத்தாச்சே?" என்றாள் இவள்.

"அது வேற. இது ஆராய்ச்சிக்கு. நம்ம உடம்புல செல்லுங்க எல்லாம் பொடிப்பொடியா பைங்களை வெளிய விட்டுட்டே இருக்கும். நுண்பைன்னு சொல்லுவோம். சாதாரண மைக்ராஸ்கோப்ல கூடச் சரியாத் தெரியாது, அவ்வளவு சின்னது. ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி, சரக்கு எல்லாம் அதுலதான் அனுப்புது."

"கன்டெய்னர் மாதிரியா?"

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியே வெச்சுக்கலாம்."

"உள்ள என்ன சரக்கு?"

"புரதம், கொஞ்சம் ஆர்.என்.ஏ. அனுப்பின செல் நல்லா இருக்கா, அடிபட்டிருக்கான்னு அதுல தடயம் இருக்கும். கிட்னி விடற பைங்க மூத்திரத்தோட வெளிய வந்துருது. அதைப் பிரிச்சுப் பாத்து, ஊசி குத்தாமலே உள்ள நடக்கறதைத் தெரிஞ்சுக்க முடியுமான்னு பாக்கறோம்."

ஊசி குத்தாமலே என்றதும் இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முடியுமா?"

"தெரியாது. அதுக்குத்தான் கேக்கறேன்."

வரும் வழியெல்லாம் அவள் அதையே பேசிக்கொண்டு வந்தாள். தெரியாது என்று வாய்விட்டுச் சொன்ன டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். அதற்காகவே கொடுக்கச் சம்மதித்தாள். ஆனால் சும்மா அல்ல. என்ன கண்டுபிடித்தாலும் முதலில் கொடுத்தவர்களுக்கு வந்து சொல்ல வேண்டும் என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

ஒவ்வொரு பரிசோதனையிலும் ஒரு பாட்டில் அவருக்குப் போனது. அப்படியே நாட்கள் நல்லபடியாக ஓடின. ஒருநாள் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறியிருந்தது. அடுத்த முறை இன்னும் ஏறியது. சிறுநீரக டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல சேதி இல்லை என்று எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

"உடம்பு அந்தக் கிட்னியை ஒதுக்க ஆரம்பிச்சிருக்கலாம். பயாப்சி பண்ணிப் பாத்துதான் மருந்து முடிவு பண்ணணும்."

என் சட்டை கசங்கியது. இவள் நேராக ஆராய்ச்சி டாக்டரைத் தேடிப் போனாள். "இத்தனை பாட்டில் வாங்கினீங்களே, அதுலயே பாத்துச் சொல்லக் கூடாதா?"

"பாக்கலாம். ஆனா அதை வெச்சு உங்களுக்கு மருந்து குடுக்கற அளவுக்கு எங்களுக்கு இன்னும் தெரியாதும்மா. நான் இப்ப சரின்னு சொன்னா அது பொய். ஊசி போட்டுக்கங்க."

இவள் விறுவிறுவென்று வெளியே வந்தாள். பயாப்சிக்கு நாள் கேட்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

சேதி அக்காவுக்கு எட்டியது. வழவழப்பான தாள் ஒன்றோடு வந்து நின்றாள். கடைக்குத் துணி போடுகிற யாரோ கொடுத்ததாம். அதில் கை கூப்பிய குடும்பம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. எக்சோசோம் சிகிச்சை, பயாப்சி இல்லை, வலி இல்லை, சிறுநீரகத்துக்குப் புத்துயிர்.

"உன் டாக்டர் சொன்ன அதே பைதான். அவரு உன் மூத்திரத்துல தேடிட்டு இருக்காரு, இவங்க அதையே மருந்தாக்கி ஊசில ஏத்தறாங்க. நாளைக்கே போறோம்."

"டாக்டர்கிட்ட கேக்காம நான் எதையும் ஏத்திக்க மாட்டேன் அண்ணி."

"டாக்டர் சொன்ன பயாப்சிக்கு மட்டும் போயிட்டியா? குடுத்தவ நான். எனக்குக் கேக்க உரிமை இல்லையா?"

"குடுத்துட்டீங்க. குடுத்தது இப்ப என்னுது."

அக்கா தாளை மடித்து இடுப்பில் செருகினாள். நான் இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க சும்மா இருங்க", "நீ சும்மா இரு" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். கடைசியில், போய்க் கேட்பது மட்டும், வேறு எதுவும் இல்லை என்று இவள் இறங்கி வந்தாள்.

அந்த இடம் மருத்துவமனை மாதிரியே இல்லை. தரை முகம் தெரிய மின்னியது. எங்கிருந்தோ மெல்லிய இசை. கோட்டு போட்ட ஆலோசகர் ஒருவர், டாக்டரா இல்லையா என்று தெரியவில்லை, எங்களை மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தார். எக்சோசோம்கள் உடம்புக்குள் போய், அடிபட்ட இடத்தைத் தாமே தேடிச் சரிசெய்யும் தூதர்கள் என்றார். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"இது யாரோட செல்லுல இருந்து எடுத்தது சார்?" என்றாள் என் மனைவி.

"ஆரோக்கியமான டோனர்ஸ் மேடம். வெளியிலருந்து வருது."

"எங்க தயார் பண்றாங்க?"

"அதெல்லாம் கம்பெனி ரகசியம்."

"என்னை மாதிரி, அடுத்தவங்க கிட்னியை வெச்சுக்கிட்டு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை போடறவங்களுக்குக் குடுத்திருக்கீங்களா? அவங்க என்ன ஆனாங்க?"

"மேடம், இது மருந்தே இல்ல. இயற்கை. பக்க விளைவே கிடையாது."

"மருந்தில்லன்னா எதுக்கு சார் ஊசி?"

ஆலோசகர் புன்னகையை விடவில்லை. "முதல்ல நம்பிக்கை வேணும் மேடம். டிரிப்ஸ் ரெடியா இருக்கு. இன்னிக்கே ஆரம்பிச்சா கிட்னியைக் காப்பாத்திடலாம். தள்ளிப் போட்டா நாங்க பொறுப்பில்ல."

இவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பயம் இல்லாமல் இல்லை. ஒரு பக்கம் ரத்தம் கசிந்த அந்த ஊசி, இன்னொரு பக்கம் வலியே இல்லை என்கிற இந்தச் சிரிப்பு. யாராக இருந்தாலும் மனம் இந்தப் பக்கம்தான் சாயும். அவள் எழுந்து நின்றாள்.

"எங்க யார்டுல சீல் இல்லாத பெட்டியை நான் தூக்க மாட்டேன் சார். உள்ள என்ன இருக்கு, எங்கிருந்து வருதுன்னு தெரியாம லாரியிலயே ஏத்த மாட்டேன். என் ரத்தத்துல ஏத்திக்குவேனா? வாங்க அண்ணி."

அக்கா வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

"என் உடம்பே உன்னைக் கைவிடுதேன்னு எனக்கு அவமானமா இருக்குடி. நல்ல பொருளா குடுக்கலையோன்னு ராப்பகலா யோசிக்கிறேன்."

இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க கிட்னி ஒரு தப்பும் பண்ணல. என் உடம்புதான் அதை வெளிய தள்ளப் பாக்குது. இத்தனை வருஷம் நான் உங்களோட மல்லுக்கு நின்னேன் இல்ல, அந்தப் பழக்கம் உள்ளயும் தொத்திக்கிச்சு."

அழுகைக்கு நடுவே அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப அந்த ஊசிக்குப் போ. நான் கூட வரேன். ரத்தம் கசிஞ்சா அந்த டாக்டரை நான் பாத்துக்கறேன்."

ரத்தம் கசியவில்லை. டாக்டரும் தப்பித்தார். நிராகரிப்பு ஆரம்பித்திருந்தது, ஆனால் கை மீறவில்லை. நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். தினசரி மாத்திரையின் அளவை மாற்றினார்கள். முகம் வீங்கி, தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். காரணத்தோடு எரிந்து விழுவது இதற்கு முன்பே பழக்கம் என்பதால் நான் வித்தியாசம் பார்க்கவில்லை. கிரியாட்டினின் இறங்கியது. பழைய இடத்துக்கு இறங்கவில்லை. கொஞ்சம் தழும்பு நின்றுவிட்டது, இது எத்தனை வருஷம் வரும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

"சொல்ல வேணாம் சார். வர்ற வரைக்கும் ஏறுவேன்" என்றாள்.

மறுபடி கிரேன் ஏறிய பிறகு ஒருநாள் பரிசோதனைக்குப் போனபோது ஆராய்ச்சி டாக்டரைப் பிடித்தாள். வாக்கு கொடுத்தீர்களே என்றாள். ஆராய்ச்சி முடியட்டும், கட்டுரை வெளிவரட்டும் என்று அவர் இழுத்தார். நிர்வாகத்தில் கேட்டால் கூட்டம் போட அறை இல்லை என்றார்கள். "அறை எதுக்கு? நாங்க எல்லாரும் உக்காந்திருக்கற இடத்துல வந்து பேசட்டும்" என்றாள். விடவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் கேட்டாள். கடைசியில் அந்த மனிதர், காத்திருப்புக் கூடத்தில் பெஞ்சுகளுக்கு நடுவே, ஐஸ் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்று பேசினார்.

நிராகரிப்பு வந்தவர்களில் பலருக்கு, ரத்தத்தில் தெரிவதற்கு முன்பே நுண்பைகளில் மாற்றம் தெரிந்தது என்றார். என் மனைவியின் பாட்டில்களிலும் அப்படித்தான் இருந்ததாம். "அப்படின்னா" என்று அவள் வாய் திறப்பதற்குள் கையை உயர்த்தினார். சிலருக்கு நிராகரிப்பு வந்தும் பை எதுவும் சொல்லவில்லை, சிலருக்கு ஒன்றுமே இல்லாமல் பை பயமுறுத்தியது, அதனால் இன்னும் நிறையப் பேரிடம் பார்க்க வேண்டும், அதுவரை பயாப்சிக்கு மாற்று இல்லை என்றார்.

"எங்க மூத்திரம் எல்லாம் இப்ப எங்க இருக்கு?" என்றார் ஒரு கொத்தனார்.

"ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கு."

"எங்க வீட்டுல மீனுக்குக்கூட ஃப்ரீசர் இல்ல. பாத்தீங்களா, அதுக்கு வந்த வாழ்வை!"

கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் மூலையில் இருந்த ஒரு பெண், அந்தப் பைகளையே மருந்தாகக் கொடுக்கிறார்களாமே என்று கேட்டாள். ஸ்டெம் செல் விடும் பைகள் விலங்குகளில் அடிபட்ட சிறுநீரகத்தைத் தேற்ற உதவியிருக்கின்றன, மனிதர்களில் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கிறார்கள், நாளைக்கு நல்ல மருந்தாக வரலாம், வராமலும் போகலாம் என்றார் அவர். "ஆனா இன்னிக்கு அதைக் கடை வெச்சு வித்தா, அது வைத்தியம் இல்ல."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவள். நாங்கள் போன அதே இடத்தில்தான். பிறகு கடும் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அவள் சொன்னதும் இன்னொருவர் கையைத் தூக்கினார். பிறகு இன்னொருவர்.

"வெக்கப்பட வேண்டியது நீங்க இல்ல" என்றாள் என் மனைவி. "வாங்க, போய்ச் சொல்லுவோம்."

அடுத்த வாரமே சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். அக்கா கடையை மூடிவிட்டுக் கூடவே போனாள். கொஞ்ச நாளில் அந்தக் கட்டடத்தின் பலகையிலிருந்து சிறுநீரகம் என்ற சொல் காணாமல் போனது. ஆனால் புத்துயிர் என்ற சொல் அப்படியே இருந்தது. அது கண்ணில் படும்போதெல்லாம் இவள் பல்லைக் கடிப்பாள்.

இதற்கிடையில், சிறுநீரகம் கொடுத்தவர்களின் சிறுநீரும் வேண்டும், மிச்சம் இருக்கும் ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம் என ஆராய்ச்சி டாக்டர் கேட்டார். அக்கா பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடி சரியில்லை என்று நர்ஸிடம் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் நிரப்பிக் கொடுத்தாள்.

"மூத்திரத்துக்குக் கெடைச்ச மரியாதையைப் பாரு. இனிமே எனக்கும் சேதி சொல்லணும், ஆமா" என்றாள்.

போன வாரம் புகார் என்ன ஆயிற்று என்று கேட்க மறுபடி சுகாதார அலுவலகத்துக்குப் போனோம். எத்தனையாவது முறை என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தலை நிமிராமலே, "இன்னும் விசாரணையில இருக்கும்மா" என்றார்.

என் மனைவி அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவரோரம் கிடந்த பெஞ்சை இழுத்து, அவர் மேசைக்கு நேர் எதிரே போட்டாள். இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"இருக்கட்டும் சார்" என்றாள் மேலிடம். "நாங்களும் இருக்கோம்."